பனடோலும் ஒரு மோல் கணக்கும்

மிச்சத்தில் ஞாயிறு மாலை. மகளின் ஜிசிஎஸ்இ கணக்கு: 500 மில்லிகிராம் பரசிட்டமோல் எத்தனை மோல்?

காபன் 8, ஐதரசன் 9, நைதரசன் 1, ஒட்சிசன் 2. கூட்டினால் 96+9+14+32=151.

500ஐ 151ஆல் பிரித்து, "3.3" என்றாள்.

"முதல்ல கிராமாக்கு பிள்ளை." 0.5÷151=0.0033 மோல். ஆயிரம் மடங்கு பிழை!

அம்மா எட்டிப் பார்த்தா. "ஊர்ப் பனடோல்?"

"அதுவும் இதேதான், அம்மம்மா."

அம்மா திகைத்தா. கால்வலிக்குப் பனடோல் 4, தடிமனுக்கு வேற குளிசை 2. பெட்டியைத் திருப்பினோம்: அதிலும் பரசிட்டமோல் 500. ஆக 3 கிராம். பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 4 கிராம்தான் உச்சம்.

"இண்டைக்கு இனி வேண்டாம், அம்மா."

உங்கட அம்மாவின்ர மருந்துப் பெட்டியையும் ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ.