முற்றத்துக்கு மூடி போடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது பழைய வீடுகளைத் திருத்துகிறார்கள். நல்ல காரியம். ஓடு மாற்றுகிறார்கள், விறாந்தைத் தூண்களுக்கு வர்ணம் பூசுகிறார்கள், நாற்சார் வீடென்றால் படம் பிடித்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். பிறகு முற்றத்துக்கு வருகிறார்கள். அங்கேதான் என் சண்டை ஆரம்பிக்கிறது.

படலையிலிருந்து கிணற்றடி வரை ஒரு சாண் மண்கூடத் தெரியாதபடி கொங்கிறீற்றுப் போட்டு, அதன்மேல் கல் பதித்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள நீக்கலையும் சீமெந்தால் அடைத்துவிடுகிறார்கள். ஏனென்று கேட்டால், சேறு இல்லை, புல் இல்லை, பாம்பு இல்லை என்பார்கள். இவற்றை நான் பரிகசிக்கவில்லை. வயதான தாய் தந்தையர் வழுக்கி விழாமல் நடக்க நல்ல தளம் வேண்டும். ஆனால் தளம் வேறு, மூடி வேறு.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. நமக்கு வாய்த்தது, காலடியிலுள்ள சுண்ணக்கல்லும் அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீருமே. அந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர் பற்றிய பாடநூல்களில் ஒரு பழைய கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உவர்நீரைத் தள்ளி வைக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி பறிபோகும். நமது சுண்ணக்கல்லின் வெடிப்புகள் இக்கணக்கைச் சற்றே குழப்பலாம், உண்மையை மாற்றமாட்டா.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1,000 சதுர அடி முற்றத்தில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்தால், விழும் நீர் 1,11,000 லீற்றர். அதிற் பாதி ஆவியாகிப் போனாலும் மீதி 55,000 லீற்றர். அதைத்தான் நாம் படலைக்கு வெளியே தள்ளிவிடுகிறோம். 2024 நவம்பரில் வெள்ளம் வந்தபோது வாய்க்கால்களைத் துப்புரவாக்கவில்லை என்று அதிகாரிகளைத் திட்டினோம். நியாயமான திட்டுத்தான். ஆனால் அந்த வாய்க்கால்களுக்கு அவ்வளவு நீரையும் அனுப்பியவர்கள் யார்?

அதே ஆண்டு ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. வானம் இலவசமாகத் தரும் நன்னீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடல்நீரை மின்சாரம் செலவழித்து வடித்துக் குடிக்கிறோம். இதற்குப் பெயர் அபிவிருத்தியாம்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். இங்கிலாந்தில் 2008 ஒக்டோபர் முதல், வீட்டின் முன்புறத்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் நீர் புகாத தளம் இட்டு, மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியும் வைக்காவிட்டால், திட்டமிடல் அனுமதி பெறவேண்டும். நீரை உள்ளே விடும் தளத்துக்கு அது தேவையில்லை. இலண்டனில் இந்த விதிக்குக் கட்டுப்படும் அதே கை, அளவெட்டியில் வளவு முழுவதையும் அடைக்கச் சொல்லிக் காசு அனுப்பலாமா? தேம்ஸ் நதி ஓடும் ஊருக்குள்ள அக்கறை, கிணற்றை மட்டுமே நம்பிய ஊருக்கு வேண்டாமா?

கல்முற்றம்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் புதிதாகத் தோண்டிய சுண்ணக்கல்லைக் கேளாதீர்கள். 1950 முதல் 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக அகழ்ந்த குழிகளே போதும். போரில் இடிந்த வீடுகளின் சுவர்க் கற்கள் இன்னும் எத்தனையோ வளவுகளில் கிடக்கின்றன. அவற்றை உடைத்துப் பள்ளம் நிரப்புவதை விடுத்து, கெட்டியானவற்றைப் பொறுக்கி எடுங்கள். முருகைக்கல் மென்மையானது, காலடியில் தேய்ந்துவிடும், அதைத் தவிருங்கள். அடியில் சல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் கல். நீக்கலை மணலால் நிரப்புங்கள். வாட்டம் வீட்டுச் சுவரிலிருந்து வெளியே போகட்டும். கிணற்றடிக்கு மட்டும் சீமெந்துத் தளம் அவசியம்; அழுக்கு நீர் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. புல் முளைக்கும் என்பார் மேசன். முளைக்கட்டும், பிடுங்கலாம்.

பத்திரிகைத் தொழிலில் நான் கண்ட மக்கள் போராட்டங்களில் சுன்னாகத்து நீருக்கான போராட்டம் முக்கியமானது. கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்ரலில் அந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பு வந்தது. நீரைக் கெடுத்த நிறுவனத்தை எதிர்க்கத் தெரிந்த சமூகம், நீர் இறங்கும் வழியைத் தன் கையாலேயே அடைப்பது என்ன நியாயம்?

கட்டட அனுமதி வழங்கும் பிரதேச சபைகளிடம் என் கோரிக்கை எளியது. வரைபடத்தில் மலசலகூடக் குழி எங்கே என்று கேட்கிறீர்கள். மழைநீர் எங்கே இறங்கும் என்றும் கேளுங்கள். பதில் இல்லாத வரைபடத்தில் கையொப்பம் இடாதீர்கள்.