குறி காணும் கண்

இரத்தினபுரியிலிருந்து வரும் பெருந்தெரு பெல்மதுளையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று பலாங்கொடை மலைகளை நோக்கி ஏற, மற்றையது எம்பிலிப்பிட்டியை நோக்கி இறங்கி, யானைகள் உலவும் உடவளவைப் பக்கமாகப் போகின்றது. தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த இவ்வூரில் வாழ்வோருக்குக் காட்டு விலங்கு வெறுங் கதைப்பொருளன்று. ஆசையோடு நட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றி ஒரே இரவிற் கிளறிவிட்டுப் போனதைக் காலையிற் கண்டு மனம் நொந்தவர் பலர். ஆதலால், “வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கி எது? மிகப் பெரியதுதானே மிகச் சிறந்தது?” என்று மாணவர்கள் எம்மை வினவுவதில் வியப்பில்லை. இவ்வாரம் அவ்வினாவையே எடுத்துக்கொள்வோம்.

கரிய வெடிமருந்து வழங்கிய காலத்திலே குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்த இயலவில்லை. வேகம் கூடாதபோது பாரத்தைக் கூட்டினார்கள். அதனாற் குழலின் வாய் பருத்தது. 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி, இந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் எனச் சொல்லப்படுவது அத்தகைய துப்பாக்கிகளின் காலத்திலேதான். புகையில்லா வெடிமருந்து வந்த பின்னர், சிறிய குழலும் பேராற்றல் பெற்றது. ஆகவே, வாயின் அகலம் ஒன்றே வலிமைக்கு அளவாகாது.

இனி, தமிழ் மண்ணிற் பெயர்பெற்ற பெருங்குழல் துப்பாக்கி ஒன்றைப் பார்ப்போம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் அண்டர்சன் (1910–1974), அந்நாளைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடித் திரிந்தவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் என்னும் நெம்புகோல் துப்பாக்கி. ஜோன் பிறவுணிங் வடிவமைத்த 1895 ஆம் ஆண்டு மாதிரிக்கு, 1904 இல் இப்பெருந் தோட்டா சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய 19 கிராம் எடையுள்ள அதன் குண்டு, செக்கனுக்கு 2,200 அடி வேகத்திற் புறப்படும்.

நெம்புகோலின் தொழில் எளிது. விசைக்குக் கீழேயுள்ள வளையத்தை முன்னோக்கித் தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். பின்னோக்கி இழுத்தால் புதிய தோட்டா குழலினுட் புகும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த வெடிக்கு ஆயத்தமாகலாம். இவ்வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில், குழலுக்குக் கீழே மற்றொரு நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிடக்கும். பின்னுள்ளதன் முனை, முன்னுள்ளதன் அடியிலுள்ள தீமூட்டியைத் தொட்டு நிற்குமாதலால், கூரிய முனை ஆபத்தானது. மழுங்கிய முனையோ காற்றில் விரைவாக வேகம் இழக்கும். பிறவுணிங் தோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டி போன்ற அறையில் அடுக்கி இக்குறையை நீக்கினார்.

அமெரிக்கச் சனாதிபதியாயிருந்த தியோடர் றூஸ்வெல்ற் 1909 இல் ஆபிரிக்கா சென்றபோது, சிங்கத்திற்கு இதனையே விரும்பினார். ஆயினும் யானைக்கும் காண்டாமிருகத்திற்கும் இதனினும் கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியொன்றை உடன்கொண்டு சென்றார். விலங்குக்கும் தூரத்திற்கும் ஏற்பவே கருவி என்பது இதனாற் புலப்படும்.

துப்பாக்கியின் மேற் பொருத்தும் தொலைநோக்கியின் செய்தியும் இத்தகையதே. 1895 ஆம் ஆண்டு மாதிரியில் வெற்றுத் தோட்டா மேல்நோக்கித் தெறிப்பதால், நேர் மேலே தொலைநோக்கிக்கு இடமில்லை. வலப்பக்கமாகத் தெறிக்கும் மார்லின் போன்ற துப்பாக்கிகளில் அதனைப் பொருத்தலாம். பெருங்குழல் பின்னோக்கி வலுவாய் உதைக்குமாதலால், கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே நாலங்குலமேனும் இருத்தல் நன்று. இன்றேல் புருவம் கிழியும். கூடிய பெருக்கமும் நன்மையன்று. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி, கையின் நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். காட்சிப் பரப்பும் சுருங்கிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குட் புகும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20 மில்லிமீற்றர்க் கண்ணாடி நான்கு மடங்கு பெருக்கினால், அகலம் 5 மில்லிமீற்றர்; பத்து மடங்கானால் 2 மில்லிமீற்றரே. மாலையிருளில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியக்கூடியது. பெருக்கம் கூடக் காட்சி மங்குவது ஏன் என்பது இப்பொழுது விளங்குமன்றோ?

இவ்வளவு நுட்பமும் எதற்காக? எய்வதற்கு முன் இன்னதென்று காண்பதற்கும், எய்தால் ஒரே வெடியில் முடிப்பதற்குமே. பிழைபட்ட வெடி, வெடித்தவனோடு தீர்வதில்லை. 1907 இல் குமாவூன் மலைநாட்டில் ஜிம் கோர்பெற் சுட்ட சம்பாவத் பெண்புலி, 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வாயைப் பார்த்தபோது, வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க இயலாமற் போனதே அது மனிதரைத் தேடியதற்குக் காரணம் என்றார் கோர்பெற். யாரோ ஒருவன் அரைகுறையாய்ச் சுட்டுவிட்டுப் போனதற்கு, அவனை அறியாத மலையூரார் விலை கொடுத்தனர்.

நம் இதிகாசமும் இதனை அறியும். சரயு நதியோரத்து இருளில், குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானை நீருண்ணும் ஓசையென்று எண்ணித் தசரதன் அம்பு தொடுத்தான். வில்லிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. கண்டு தொடுக்கவில்லை என்பதே குறை. பார்வையற்ற முதிய பெற்றோரின் ஒரே மகன் மாண்டான்.

இக்காலத்தில் இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைப் பெரிதும் தடுத்துவிட்டது. இலங்கையிலும் யானையும் சிறுத்தையும் சட்டத்தின் காவலில் உள்ளன. ஆகவே எம் மாணவர் எவரும் பெருங்குழல் துப்பாக்கி தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை வாராது. ஆனால், கண்ணே இல்லாத இரண்டு ஆயுதங்கள் நம் தோட்டப்புறங்களில் இன்றும் உண்டு. ஒன்று கட்டுத்துவக்கு, மற்றது சுருக்குக் கம்பி. பன்றிக்கென்று வைத்த கட்டுத்துவக்கு, விறகுக்குப் போகும் தாயின் காலையும் பன்றியின் காலென்றே எண்ணும். 2020 மே 26 இல், நல்லதண்ணிப் பக்கத்து லக்சபான தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் அகப்பட்டது. சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோகப்பட்ட அது, மூன்றாம் நாள், மே 29 இல் இறந்தது.

பன்றியால் நட்டமடைந்தவரின் வயிற்றெரிச்சலை நாம் அறிவோம். அதனைச் சிறிதென்று சொல்லோம். எனினும், அயலவர் நாலு பேர் கூடி வேலியடைப்பதும், முறைவைத்து இராக்காவல் இருப்பதும், உரிமம் பெற்றவரை உதவிக்கு அழைப்பதும் மனிதர் கண்விழித்துச் செய்யும் காரியங்கள். பிள்ளைகளே, தேயிலை மலையோரத்திற் சுருக்குக் கம்பியைக் கண்டால், கை வையாமல் உடனே பெரியோரிடம் சொல்லுங்கள். பெரியோர்களே, அதைக் கட்டியவர் நம் உறவினரேயாயினும், அன்றே அவிழ்க்கச் செய்யுங்கள்.