மேடு கரைந்தால் கிணறு உவர்க்கும்

புரட்டாசித் திருவிழாவில் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலுள்ள வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்கு எழுந்தருளும் வழி மணல்மேடுகளை ஊடறுத்தே போகிறது. அடியார்களின் கணுக்கால் புதையும் அந்த மணல் மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று கரையோரமாக நீண்டு சுண்டிக்குளத்தை எட்டுகிறது. மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்களை மணல் பாதி மூடியிருக்கிறது. இவ்வளவு மணல் கிடக்கும்போது நாலு லோட் அள்ளினால் என்ன குறைந்துவிடும் என்ற நினைப்பில்தான் கேடு தொடங்குகிறது.

மேடு சும்மா குவிந்த மணலன்று. காய்ந்த கடற்கரை மணலைக் காற்று உள்ளே தள்ள, அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் அதை மறித்துப் பிடிக்கின்றன. மணல் மூட மூட அடம்பன் கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே படரும். மேடும் அதனுடன் உயரும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அந்தக் கொடியை மணல் ஏற்றும் ஒரு ரிப்பர் நசுக்கிப் போன தடத்தில் காற்று புகுந்து பள்ளம் பறிக்கிறது. பிறகு அள்ள ஆளே தேவையில்லை, மேடு தானாகவே கரையும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நிலத்தடி நீரே கதி. மணல்மேட்டில் விழும் மாரிமழை வழிந்தோடாமல் உள்ளிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேடு கரைந்து அந்த மேலடி குறைந்தால் கீழிருந்து உவர் ஏறும். இந்த மேடுகள் நீளும் வடமராட்சி கிழக்கில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நீரேரி. நடுவிலிருக்கும் கிணறுகளுக்கு வேறு காப்பு ஏது?

2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையோரக் கிராமங்களைச் சூறையாடியது. மேடு இருந்தால் எல்லாம் தப்பிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் அதே நாளில் இலங்கையின் தென்கிழக்கே யாலாவில், கடல் தெரிய வேண்டுமென்று முன்னாலிருந்த மணல்மேட்டை அகற்றிய சுற்றுலா விடுதி அழிந்தது. மேடு விட்டுவைக்கப்பட்ட இடங்களில் சேதம் குறைந்தது.

2009இல் போர் முடிந்தபின் வீடு, வீதி, மதில் என்று எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக மணல் தேவைப்பட்டது. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டுபவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தேவையைக் காசாக்க இரவில் ஓடும் வாகனங்களின் கதை வேறு. 2017 ஜூலையில் மணல் ஏற்றிவந்த வாகனம்மீது பொலிஸார் சுட்டதில் துன்னாலை இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். கூலிக்குப் போகிறவர் சாகிறார், முதல் போட்டவர் வெளியே தெரிவதில்லை. 2019 டிசெம்பரில் மணல் ஏற்றிச்செல்லும் அனுமதிப்பத்திர முறையையே அமைச்சரவை நீக்கியபோது நாடெங்கும் அகழ்வு பெருகியது. அனுமதி முறை பின்னர் மீண்டது, போன மணல் மீளவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் அகழ்வுக்கு அனுமதி கோருகிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. ஆனால் மணல்மேடு 300 மீற்றரில் நின்றுவிடுவதில்லை. முதலாவது சட்டம் லோட்டை எண்ணுகிறது, இரண்டாவது கோட்டை அளக்கிறது. மேட்டை முழுதாகப் பார்க்கும் சட்டம் எது? மேட்டுத்தொடரின் தெற்கு அந்தத்தில் சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. வடக்கேயுள்ள மேடுகள் அந்தப் பூங்காவுக்குள் அடங்கவில்லை.

மரம் நட்டால் போதும் என்பதும் ஒரு மயக்கம். மணற்காட்டுச் சவுக்கந்தோப்பு கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் சவுக்குச் சருகு மெத்தையாகப் படியும் நிலத்தில் அடம்பன் தலையெடுப்பது கடினம். ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையில் பெருமளவில் சவுக்கு நட்டபோது, ஆமைகள் முட்டையிடும் மணலும் மேடுகளும் பறிபோகின்றன என்று சூழலியலாளர்கள் எச்சரித்தார்கள்.

வல்லிபுரத்திலிருந்து சுண்டிக்குளம் வரையான மேட்டுத்தொடரை ஒரே நிலவுருவாக அளந்து, வரைபடமாக்கி, அகழ்வுக்கு இடமில்லாத வலயமாக அறிவிக்க வேண்டும். வீடு கட்டுவோருக்கு அரைத்த கருங்கல் மணலை வெளிமாவட்டங்களிலிருந்து கட்டுப்படியான விலையில் கொண்டுவர அரசு வழிசெய்ய வேண்டும். அது இல்லாமல் தடை மட்டும் போட்டால் இரவு வாகனங்களுக்கே இலாபம். வெட்டுண்ட இடங்களில் அடம்பனையும் இராவணன் மீசையையும் மாரி தொடங்கும்போதே நட்டு, ஆடுமாடு புகாமல் வேலியடைத்து, பராமரிப்பை அந்தந்தக் கிராமத்தவரிடமே கூலியுடன் ஒப்படைக்கலாம்.