மெல்லினம் பிறக்குமிடம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் கம்பனைப் பற்றியோ கந்தபுராணத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். யான் எழுதப் புகுந்ததோ மூக்கைப் பற்றி. இது வைத்தியர் வேலையன்றோ எனச் சிலர் நகைக்கலாம்; நன்னூல் கற்றோர் நகையார். மெல்லினத்துக்குப் பிறப்பிடம் மூக்கு என வகுத்தவர் பவணந்தி முனிவர். ங, ஞ, ண, ந, ம, ன என்னும் ஆறெழுத்தும் மூக்கின்வழிக் காற்றுச் செல்லாவிடிற் செவ்வனே ஒலியா. ஆகவே, பிள்ளையின் மூக்கடைப்பை முதலில் அறியவேண்டிய செவி தமிழாசிரியனுடைய செவியேயாம். அச்செவி ஒருகால் எனக்கு இல்லாது போயிற்று. அதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நமுனுகுலை மலைச்சாரலிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு சிறுவன் என் வகுப்புக்கு வந்தான். வாசிக்கச் சொன்னால், 'மாமரம்' என்பது அவன் வாயிற் 'பாபரம்' என வரும். வாய் எப்பொழுதும் திறந்தே இருக்கும். கடைசி வாங்கிலிருப்பவனை இருமுறை கூப்பிட்டாலன்றி எழமாட்டான். நண்பகலாகுமுன் கண் சொருகும். மந்தபுத்தியென யான் முடிவு கட்டினேன். வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியும் வைத்தேன். கொழுந்தெடுக்கும் அவன் தாயார் ஒருநாள் வந்து, "ஐயா, ராவெல்லாம் கொறட்டை விடுறான், மூச்சு நின்னு நின்னு வருது" என்றார். அப்பொழுதும் எனக்கு விளங்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியிற் பார்த்தவரே அவனைப் பதுளைக்கு அனுப்பினார். மூக்கின் பின்புறத்தே, அண்ணத்துக்கு மேலே, அடினொயிட் எனப்படும் சதை பெருத்து வழியை அடைத்திருந்தது. அதனைச் சத்திரசிகிச்சையால் அகற்றிய சில வாரங்களில் அவன் 'மாமரம்' எனத் தெளிவாக வாசித்தான். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்நோயை 1868இல் விரித்துரைத்தவர் டென்மார்க்கு நாட்டு வைத்தியரான வில்ஹெல்ம் மேயர். காது மந்தமும் பேச்சுத் தெளிவின்மையும் கொண்டு தம்மிடம் வந்த ஓர் இளம்பெண்ணின் மூக்கின் பின்னே அவர் இச்சதையைக் கண்டார். பின்னர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் தேடிப் பரிசோதித்தார். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் செல்கின்றது. அதன் வாயை இச்சதை அடைத்தாற் காதினுள் நீர் தங்கி, கேள்வி குன்றும். கேளாத பிள்ளையைக் கேளாதவனென்று அறியாமல், கேட்டும் கீழ்ப்படியாதவனென்று தண்டிக்கும் ஆசிரியர் யான் ஒருவன் மட்டுமல்லேன் என்றே அஞ்சுகின்றேன்.

நமது ஊவாத் தோட்டங்களிலே மூக்கு நோய்க்கு வாய்ப்புக்குக் குறைவில்லை. லயத்துக் காம்பராவினுள் விறகுப் புகை. ஆடி ஆவணியிற் கச்சான் காற்று வாரி வரும் புழுதி. தொழிற்சாலையில் தூள் சலிக்குமிடத்தே பஞ்சுபோற் பறக்கும் நுண்தூசி. அத்தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவை டொக்டர் ஊரகொட 1970இல் ஆங்கில மருத்துவ ஏடொன்றில் எழுதினார். மூக்கோடு வரும் தொல்லைகளை எல்லாம் "பீனிசந்தானே" என்று ஒரே சொல்லில் அடக்கி, தைலம் தடவிக்கொண்டு மலையேறுவது நம்மவர் வழக்கம்.

பீனிசம் எல்லாம் கத்திக்குரியதன்று. பெரும்பாலானவை மருந்தாலும் உப்புநீர்க் கழுவலாலும் தணியும். மருந்துக்கு அடங்காது முகவெலும்புக் காற்றறைகளிற் சீழ் தங்குதல், மூக்கினுள் வழுவழுப்பான சதை தொங்குதல், இடைச்சுவர் வளைந்து மூச்சைத் தடுத்தல் ஆகியவற்றுக்கே சத்திரசிகிச்சை வேண்டப்படும். சளியோடு காய்ச்சலும் வந்து ஒரு கண் வீங்குமாயின் ஒருநாளும் தாமதித்தலாகாது, பார்வையே போய்விடக்கூடும். இன்னொன்று: மூக்கில் அடிக்கடி இரத்தம் வடிந்து, வெண்புள்ளியிட்ட செந்நிறச் சதை தோன்றுமாயின், அது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மிகுதியாகக் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோயாக இருக்கலாம். குளத்து நீரோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இந்நோய்க்கு, சதையை வெட்டி அதன் அடியைச் சுடுதலே முதன்மையான சிகிச்சை. மீளவும் வரக்கூடுமாதலாற் பின்னரும் காட்டிவரல் வேண்டும்.

"மூக்கிற் கத்தி வைத்தாற் கண் போய்விடும்" என்னும் அச்சம் லயங்களில் இன்றும் உண்டு. அது முற்றிலும் பொய்யன்று. காற்றறைக்கும் கண்ணுக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்பே. ஆதலாலேயே இக்காலத்தவர் முன்னதாக ஸ்கான் படமெடுத்து வழியறிந்து செல்கின்றனர். மேலுதட்டின் உட்புறத்தைக் கீறிக் கன்ன எலும்பைத் துளைத்த பழைய முறை 1890களிற் பிறந்தது. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெசர்கிளிங்கர் உள்நோக்குக் குழாயால் மூக்கினுள்ளே கண்டறிந்தவற்றைத் துணையாகக் கொண்டு, 1980களிற் புதிய முறை பரவியது. முகத்திற் கீறலின்றி, மூக்குத் துவாரத்தின் வழியாகவே காற்றறையின் இயற்கை வாயிலைத் திறந்துவிடுகின்றனர்.

மூக்கிலே கத்தி வைப்பது நமக்குப் புதிதுமன்று. அறுபட்ட மூக்கை மீள அமைக்கும் முறை சுசுருத சங்கிதையிலேயே கூறப்பட்டுள்ளது. பூனாவுக்கு அருகே, நெற்றித் தோலைக்கொண்டு ஒரு வண்டிக்காரருக்கு மூக்கமைத்த செய்தி 1794இல் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அம்முறையைப் பின்பற்றி 1814இல் அங்கே சத்திரசிகிச்சை செய்தவர் கார்ப்யூ.

அச்சத்தைப் போக்குவது தாய்மொழி. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, தமிழிலே நூல்களும் ஆக்கினார். தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதிய பின்னரும், தமக்கு விளங்காத மொழியிலுள்ள சம்மதப் பத்திரத்திற் கைந்நாட்டு வைக்கும் தாய்மாரை நாம் காண்கின்றோம். சிகிச்சைக்கு அரசினர் வைத்தியசாலை பணம் கேட்பதில்லை. ஆயினும், தோட்டத்திலே அன்றைய 'பேர்' போய்விடும். பதுளைக்கு வரப் பஸ் காசும் வேண்டும். அங்கே விளக்கிச் சொல்ல ஒருவரும் வேண்டும்.

இங்கேதான் நம் கல்லூரிக்குக் கடமையுண்டு. பழைய மாணவருள் வைத்தியர் உளர். தோட்ட உத்தியோகத்தர் உளர். ஆண்டுக்கொருமுறை முதலாந் தவணையிற் பிள்ளைகளின் காதையும் மூக்கையும் பார்ப்பதற்கு ஒரு நாளை அவர்கள் தரலாகாதா? உயர்தர மாணவருள் இருமொழியும் அறிந்தவர், லயத்துத் தாயொருத்தியோடு வைத்தியசாலைக்கு உடன்செல்லலாகாதா? மண்டபமும் மதிலும் எழுப்புவதைக் காட்டிலும் இதற்குச் செலவு குறைவு.

யான் இப்பொழுது புதிய வகுப்பிலே முதல் நாள், ஒவ்வொரு பிள்ளையையும் "நானும் என் அம்மாவும்" என்று சொல்லச் செய்கின்றேன். தடுமாறுவோரைக் கடிவதில்லை. பெயரைக் குறித்துக்கொண்டு, பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதுகின்றேன். இளைய ஆசிரியர்களிடம் யான் வேண்டுவதும் இவ்வளவே: பிள்ளையின் நாவைக் கடியுமுன், அதன் மூக்கை ஒருமுறை நோக்குக.