கிரிப் அறிக்கையும் தோட்டத் தொழிலாளரும்: எங்கள் நிலைப்பாடு

"கிரிப்பில பேர் இருக்கு" என்று சொல்லிக் கடன் மனுவைத் திருப்பிக் கொடுத்தால், ராகலையில் பலர் மறுபேச்சில்லாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பதிலை ஏற்க வேண்டியதில்லை என்பது எங்கள் முதல் நிலைப்பாடு. ஒழுங்காகக் கட்டி முடித்தவரின் பேரும் அங்கே இருக்கும். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, கிரிப் எனப்படும் கொடுகடன் தகவல் பணியகம், வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பும் விபரங்களைச் சேர்த்து வைக்கிறது. கறுப்புப் பட்டியல் என ஒன்று அதனிடம் இல்லை. கடனைத் தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. என்ன காரணத்தால் மறுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

பணியகத்தையே மூடு, பதிவுகளை எல்லாம் அழி என்ற குரலோடு நாங்கள் சேரவில்லை. லயத்து அறைக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, ஈடு வைக்கக் காணியும் கிடையாது. கட்டிய தவணைகளின் பதிவு ஒன்றுதான் நம் மக்கள் வங்கியில் காட்டக்கூடிய சொத்து. அதையும் அழித்துவிட்டால் மிஞ்சுவது அடகுக் கடையும் கிழமைக் கடனும்தான்.

ஆனாலும் மலையகத்தவருக்கு இந்தப் பயம் ஏன் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். கங்காணி காலத்தில் தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு என்ற சீட்டு வேண்டும். அதில் அவர் கடன் எழுதியிருக்கும். அதைத் தீர்க்காமல் நகர முடியாது. 1921இல் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. துண்டில் எழுதிய கணக்கைத் தொழிலாளி கேள்வி கேட்க வழியிருக்கவில்லை. ஆனால் இன்றைய கிரிப் அறிக்கையை உரியவரே கட்டணம் செலுத்திப் பெறலாம், பிழை கண்டால் முறையிடலாம். பணியகம் தானாக எதையும் திருத்தாது. விபரத்தை அனுப்பிய நிறுவனத்திடம் விசாரித்து, அந்த நிறுவனம் மாற்றினால்தான் பதிவு மாறும்.

எங்களுக்குப் பெரிய குறையாகப் படுவது தவணைத் திகதி. தோட்டச் சம்பளம் பொதுவாக 10ஆம் திகதி அளவில் வரும். ஆட்டோ லீசிங் தவணை 3ஆம் திகதி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், மனிதர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் மாதா மாதம் பிந்தியவர்தான். தாமதம் நாட்கணக்கில் பதிவாகிறது. ஒருவரின் மூன்றிலக்கக் கடன் புள்ளியைத் தீர்மானிப்பதில் கட்டிய ஒழுங்குக்குப் பெரிய பங்குண்டு. மழைக் காலத்தில் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்து இரண்டு தவணை தவறினால் வட்டி ஏறும். 90 நாள் தாண்டிய கடனை வங்கி செயலற்ற கடனாக வகைப்படுத்தும். சம்பளத் திகதிக்குப் பின்னரே தவணைத் திகதி அமைய வேண்டும் என்று லீசிங் கம்பனிகளிடம் கோருகிறோம். அவர்களுக்கு இதில் ஒரு சதமும் நட்டமில்லை.

அடுத்தது பிணை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டார் என்று போட்ட கையெழுத்தும் அறிக்கையில் ஏறுகிறது. பிணை நின்ற கடன்களும் அதில் காட்டப்படும். கடன்காரர் முதல் தவணையைத் தவறவிட்ட உடனேயே பிணைக்காரருக்குத் தமிழில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியையும் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும், பின்பு அல்ல.

நுண்கடன் விடயத்தில் பதிவு ஒருபக்கமாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் வாங்கும் கம்பனிகளுக்கே உரிமம் கேட்கும் விதத்தில் இயற்றப்பட்டது. மற்றவர்களில் பணியகத்தில் அங்கமில்லாதவர்கள் தரும் கிழமைக் கடனைப் பல வருடம் தவறாமல் கட்டிய பெண்ணின் நாணயம் எந்த வங்கிக்கும் தெரிய வராது. ஆனால் அதே கடனை வசூலிக்க வருபவர் "கிரிப்பில போடுவேன்" என்று மிரட்டுவார். பணியகத்தில் அங்கமில்லாத ஒருவர் அப்படிச் சொன்னால் அது வெறும் மிரட்டல். பணம் கொடுத்தால் பேரைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று அலைபவர்களும் இதே ரகம். பதிவை அழிக்கும் வழி அவர்களிடம் இல்லை.

அறிக்கை வருடத்துக்கு ஒரு தடவையாவது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று பணியகத்தைக் கேட்கிறோம். அதுவரை, அறிக்கையைக் கொண்டுவருபவர்களுக்கு வரிவரியாக வாசித்து விளக்குகிறோம். அடையாள அட்டையின் பிரதியை எங்களிடம் விட்டுச் செல்லத் தேவையில்லை. வேறு எவரிடமும் விட்டுவிடாதீர்கள்.