கூடத்தில் வைக்கும் கல்

கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம் ஊர். மேற்கே முகம் திருப்பினால் மலை. அதன் அடிவாரத்திலே 217 அடி உயர இராஜகோபுரம். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்த பதினொரு நிலைக் கோபுரம் அது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்தால் இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டு லிங்கங்கள். கல்லைப் பார்த்து விழித்து, கல்லின் மேல் நடந்து, கல்லைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்குக் கல்லைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம்.

இருக்கிறது. கோயிலிலும் சமையற்கட்டிலும் இருந்த கல், இன்று வீட்டின் கூடத்துக்கு வந்திருக்கிறது. புதுமனை புகுவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். வாசலிலே கல்யானை, கண்ணாடிக் கிண்ணத்திலே வழவழப்பான கூழாங்கற்கள், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலே புத்தர் தலை, மாடிப்படியின் கீழே நீர் சொட்டும் கல்தொட்டி, தோட்டத்திலே செடி வைத்த பழைய ஆட்டுக்கல். விருந்தினர் வியக்கிறார்கள். வீட்டுக்காரர் விலையைச் சொல்கிறார். அத்தோடு பேச்சு முடிந்து விடுகிறது.

இந்த அலங்காரத்தை எதிர்த்துப் போர்க்கொடி தூக்க நான் வரவில்லை. பிளாஸ்டிக் பூவை வைப்பதைவிடக் கல்லை வைப்பது நல்லதே. ஆனால் ஒரு கல்லைக் கூடத்திலே கொண்டுவந்து வைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இது கல்தானா? இதைச் செய்தவர் நலமாக இருக்கிறாரா? இது எந்த இடத்திலிருந்து பெயர்த்து வரப்பட்டது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் வாங்கும் கல், எத்தனை அழகானாலும் நம் வீட்டுக்கு உரியதாகாது.

சமையற்கட்டிலே இருந்த கல்

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். எங்கள் ஆயா வீட்டிலே அம்மி, ஆட்டுக்கல், உரல், ஏந்திரம், மாக்கல் சட்டி என்று ஐந்து கற்கள் இருந்தன. ஐந்தில் ஒன்றுகூட அழகுக்காக வைத்ததன்று. ஆயினும் அம்மியின் நடுவிலே தேய்ந்து விழுந்த பள்ளமும், குழவியின் இரு முனையிலும் கை பட்டுப் பட்டு ஏறிய பளபளப்பும் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. தேய்ந்துபோன அம்மியைக் கொத்தித் தருவதற்கென்றே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தெருவிலே கூவி வருவார் ஒருவர். மாக்கல் சட்டி வாங்கினால் உடனே அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். அரிசி கழுவிய நீரையும் கஞ்சியையும் பல நாள் ஊற்றி வைத்துப் பழக்கிய பிறகே குழம்பு வைப்பார்கள். இறக்கி வைத்த பின்னும் நெடுநேரம் சூடு ஆறாது.

இவற்றின் காலம் போய்விட்டதே என்று நான் கண்ணீர் விடப் போவதில்லை. அம்மியின் பெருமையை மேடையிலே முழங்குகிறவர்களில் பலர் அதிலே ஒருநாளும் அரைத்தவர்கள் அல்லர். "அழகாத்தான் இருக்கும் கண்ணு, அரைச்சவளைக் கேட்டால்தானே தோள்வலி தெரியும்?" என்பார் எங்கள் ஆயா. அது நியாயம். ஆட்டுக்கல்லும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மின்சாரக் கிரைண்டருக்குள்ளே புகுந்துகொண்டது. புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டருக்குள்ளே சுழல்வதும் கருங்கல்தான். திருமணத்திலே அம்மி மிதிக்க வேண்டுமே என்று மண்டபத்துக்காரரே ஒரு சிறு அம்மியை வைத்திருக்கிறார். கல் நம்மைவிட்டுப் போகவில்லை. கல்லைப் பற்றிய அறிவுதான் போய்க்கொண்டிருக்கிறது. ஆயாவுக்குத் தம் வீட்டு அம்மியைக் கொத்தியவர் யார் என்று தெரியும். சட்டி சேலத்துப் பக்கத்து மாக்கல் என்றும் தெரியும். கூடத்திலே இருக்கும் கல்யானை யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நமக்கு வாங்கிய கடையின் பெயர் மட்டுமே தெரிகிறது.

இது கல்தானா?

கிரிவலப் பாதையிலே ஒரு தள்ளுவண்டியில் வரிசையாகக் கரும் நந்திகள் இருந்தன. ஒரே அளவு, ஒரே முகம், கழுத்து மணிகூட ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. "இது கல்லா அண்ணே?" என்று கேட்டேன். "கல்லு மாதிரிதான் தம்பி" என்றார். இன்னும் ஒருமுறை கேட்டதும் சிரித்துக்கொண்டே, "அச்சிலே ஊத்தினது. இந்த விலைக்கு எவன் செதுக்கித் தருவான்?" என்றார். அவருடைய நேர்மையை நான் மெச்சுகிறேன். எல்லாக் கடையிலும் இந்த விடை கிடைப்பதில்லை.

கல்தூளையும் பிசினையும் கலந்து அச்சிலே வார்த்த பொருளைக் கண்டுபிடிப்பது கடினமன்று. உண்மைக் கல் கையிலிருந்து வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும். அதனால் தொட்டவுடன் சில்லென்று இருக்கும். பிசின் பொம்மை அப்படிக் குளிராது. எடையும் குறைவாக இருக்கும். அடியிலோ பக்கவாட்டிலோ அச்சின் இணைப்புக் கோடு தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் செதுக்கிய இரண்டு பொருள்கள் ஒரே மாதிரி இருக்கவே மாட்டா.

வார்த்த பொம்மையை வாங்குவது குற்றமென்று நான் சொல்லவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு நந்தி வேண்டும். ஆனால் வார்த்ததைக் கல்லென்று சொல்லி விற்கும்போது, நாள்கணக்கில் உட்கார்ந்து செதுக்குகிறவரின் கூலி அடிபடுகிறது. நம் சிற்பிகள் உளியை வைப்பதற்குமுன் கல்லைத் தட்டி ஓசை கேட்பவர்கள். வெண்கல மணிபோல் கணீரென்று ஒலிப்பது ஆண்கல். அதனினும் மெல்லிய இனிய ஓசை தருவது பெண்கல். ஓசையே இல்லாதது சிலைக்கு ஆகாது என்பது அவர்கள் மரபு. மாமல்லபுரத்திலே இக்கலையைக் கற்பிக்க 1957-ஆம் ஆண்டிலேயே அரசு ஒரு கல்லூரியைத் தொடங்கியது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். கையைக் காப்பது வாங்குகிறவர் கேட்கும் ஒரு கேள்விதான்.

செய்தவர் நலமா?

இதுவே மூன்றிலும் பெரிய கேள்வி என்பேன். பளபளப்பு என்பது சும்மா வருவதில்லை. கல்லை அறுத்து, அரைத்து, தேய்த்தால் வரும். அப்போது எழும் தூளிலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிலிக்கா துகள் இருக்கிறது. அது மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கி, அங்கே தழும்பேற்றுகிறது. ஆண்டுகள் பல கழித்து இளைப்பு வருகிறது. சிலிகோசிஸ் என்னும் இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. நோயுற்றவரைக் காசநோயும் எளிதில் பற்றுகிறது.

குஜராத் மாநிலத்துக் கம்பாத் நகரம் இதற்குச் சான்று. அகேட், சூதுபவளம் முதலிய மணிக்கற்களைத் தேய்த்து மாலையும் கிண்ணமும் அலங்காரப் பொருளும் செய்வதிலே நெடுங்காலப் புகழ்பெற்ற ஊர் அது. அங்கே கல் தேய்க்கும் தொழிலாளரிடையே சிலிகோசிஸ் பரவியிருப்பதை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்து காட்டியது. தேய்க்கும் வேலை வீட்டோடு நடப்பதால், அந்தத் தொழிலையே செய்யாத அக்கம்பக்கத்தாரும் தூளைச் சுவாசிக்கிறார்கள். கண்ணாடிக் கிண்ணத்திலே மின்னும் வண்ணக் கற்களைப் பார்க்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

இது ஏழை நாட்டின் துயரம் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். இன்றைய சமையலறை மேடைகளுக்குக் குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு அழுத்திச் செய்யும் செயற்கைக் கற்பலகை வந்திருக்கிறது. இயற்கைக் கிரானைட்டில் சிலிக்கா ஓரளவே உண்டு. இந்தப் பலகையிலோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் இருக்கலாம். அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் பலர் நோயுற்றதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடை விதித்தது. உலகிலேயே முதலில் அப்படித் தடை செய்த நாடு அதுவே.

நம் ஊர்ச் சாலையோரங்களில் என்ன நடக்கிறது? மின்சார அறுவைச் சக்கரம் கல்லைத் தொட்டவுடன் வெண்புகைபோல் தூள் எழுகிறது. அதன் நடுவே முகத்திலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். துண்டு அந்த நுண்தூளைத் தடுக்காது. அறுக்கும் இடத்திலே தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் தூள் பெருமளவு அடங்கிவிடும். தூளை உறிஞ்சும் விசிறியும் தக்க முகக்கவசமும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இவை பெரிய விஞ்ஞானம் அல்ல. பெரும் செலவும் அல்ல. "ஈரத்திலே அறுத்ததா?" என்று பத்து வாடிக்கையாளர் கேட்டால், பதினோராவது கல் ஈரத்திலே அறுபடும்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகிறது. கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கருங்கல் கொண்டு செல்லப்பட்டது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் அந்தக் கல்வகைக்கு, 1893-இல் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். உலகம் முழுவதும் இன்றும் அப்பெயரே வழங்குகிறது. கல்லுக்கு அடியிலே படுத்தவரின் பெயர் நிலைத்தது. அதை வெட்டி எடுத்தவர், இழைத்தவர், சுமந்தவர் பெயர் எங்கே? நம் கூடத்துக் கல்லின் கதையும் இதுவாகவே இருக்கலாமா?

எங்கிருந்து வந்தது?

மூன்றாம் கேள்வி நம் மாவட்டத்தை நேராகத் தொடுவது. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஊர் ஆநிரையைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு ஊரார் எழுப்பிய கல் நடுகல். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்ட பிறகே அறிஞர் உலகம் இவற்றை வியந்து நோக்கியது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்வோம். அதிலே வீரன் கருந்தேவக்கத்தியோடு ஒரு நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று வட்டெழுத்திலே பொறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் நன்றியைக் கல் காத்து நிற்கிறது!

இத்தகைய கல்லொன்று வயல்வரப்பிலே கேட்பாரற்றுச் சாய்ந்து கிடந்தால், 'பழைய கல்லுக்கு' ஆசைப்படும் பணக்கார வீட்டுத் தோட்டத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள்களே. உரிமம் இன்றி அவற்றை வாணிகம் செய்ய முடியாது. தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பவும் முடியாது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலே ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் காக்கப்படுகின்றன. அங்கே ஒரு துண்டு எடுத்தால் மேசைக்கு அழகாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லோரும் ஒரு துண்டு எடுத்தால் எஞ்சுவது என்ன? இடத்தைவிட்டுப் பெயர்ந்த நடுகல் ஊமையாகி விடுகிறது. எந்த ஊர், எந்தப் பூசல், எந்த ஏரிக்கரை என்பதெல்லாம் அது நின்ற இடத்தோடு சேர்ந்த செய்திகள்.

நாம் செய்யக்கூடியது

இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் கல்லின் விலை ஏறிவிடுமே என்று ஒரு நண்பர் வாதிட்டார். ஏறும்தான். பத்துப் பொருள் வாங்குமிடத்தில் ஒன்று வாங்குவோம். உண்மையாகச் செதுக்கிய ஒரு சிறு அகல்விளக்கு போதும், கூடம் நிறைந்துவிடும். அதுவும் இயலாத வீட்டுக்கு ஒரு வழி உண்டு. விடியற்காலையிலே நம் தாய்மார்கள் வாசலில் இடும் கோலத்திலே அரிசிமாவுக்குப் பதில் பெரும்பாலும் இருப்பது வெள்ளைக்கல் பொடிதான். அதைவிட மலிவான கல் அலங்காரம் உலகில் எங்கே இருக்கிறது?

மாணவத் தோழர்களுக்கும் மதிப்புக்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வருகிறவர்கள். ஏரிக்கரையிலோ அரசமரத்தடியிலோ 'வேடியப்பன்' என்று பொங்கலிட்டு வணங்கும் கல் நம் ஊர்களிலே பல இருக்கின்றன. அவற்றில் நடுகல் எது என்று நமக்கே தெரியாது. அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலே வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து, முகாம் நடக்கும் ஊரின் பழங்கற்களைப் பட்டியலிடட்டும். படமெடுத்து, நிற்கும் இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையினரிடமும் ஒரு படி கொடுக்கட்டும். கல் அங்கேயே நிற்கட்டும். பட்டியல் மட்டும் அடுத்த ஆண்டு மலரிலே வரட்டும்.

— இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு