விளைதிறன் என்னுஞ் சொல்

மல்லிக் குடிநீர் பலித்தது என்போர் தடிமன் தீர்ந்ததையே கருதுவர். பொறியியலாளரோ இட்ட சத்தியில் எத்துணைப் பங்கு பயனாயிற்றென அளந்து, அதனை வினைத்திறன் என்பர். மருத்துவ ஆய்வாளர் கூறும் விளைதிறன் இவ்விரண்டினும் வேறாயதோர் ஒப்பீடு.

2020ஆம் ஆண்டில் பைசர் தடுப்பூசியை ஆய்ந்தபோது, ஊசி பெற்ற 18,000க்கு மேற்பட்டோருள் 8 பேரும், வெற்றூசி பெற்ற ஏறக்குறைய அத்தொகையினருள் 162 பேரும் கொரோனா நோயுற்றனர். நோயுற்றோர் தொகை நூற்றுக்கு 95 பங்கு குறைந்தது என்பதே அதன் விளைதிறன். ஊசி பெற்ற நூற்றுவரில் ஐவர் நோயுறுவர் என்று அதற்குப் பொருள் கொண்டு அஞ்சியோர் பலர்.

சொல்லின் எல்லை அறியாமை உயிர்க்கே ஊறாதல் கூடும். ஆதலின், துறைச்சொற்களைப் பொருள் வரையறுத்துக் கற்பித்தல் விஞ்ஞான ஆசிரியர்க்கேயன்றித் தமிழாசிரியராகிய எமக்கும் உரிய கடனாம்.